கடிகாரம் பார்க்காத ஒருவர்: சுங்கை சிப்புட்டில் ஒரு படப்பிடிப்புப் பாதுகாப்புச் சேவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம், எண்ணெய் தரும் செம்பனையின் குலையை வெட்டும் அரிவாள், புல்வெட்டும் இயந்திரத்தின் உதிரிப் பாகங்கள் ஆகியவற்றை விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் பல ஆண்டுகள் செம்பனைத் தோட்டமொன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவர். தோட்ட மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரையும், உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, தோட்டங்களுக்கு வரும் படப்பிடிப்புக் குழுக்களுக்கு அவர் பாதுகாப்புப் பணி செய்து தருகிறார். அண்மையில் ஆறு நாள் நடந்த எங்கள் தொலைக்காட்சிப் படத்துக்கு அவர்களை அமர்த்தியிருந்தோம். மூன்று பேரால் மாதத்துக்கு இரண்டு படப்பிடிப்புகளுக்கு மேல் பார்க்க முடியாது என்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆயினும் அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், அதில் எது நன்று, எது போதாது என்பது தயாரிப்பு நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் ஏன் அவர்களைத் தேடிப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு தோட்டத்தில் இரவுக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தோம். மாலையில் பெய்த மழையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளுக்கு முன்னால் மண் இளகிக் கிடந்தது. 2.5 கிலோவாட் எச்.எம்.ஐ. எனும் பெரிய படப்பிடிப்பு விளக்கைத் தாங்கிய ஸ்டாண்டின் ஒரு கால் மண்ணுக்குள் இறங்க, விளக்கு சாய்ந்து, அன்று காலைதான் அந்தத் தோட்டத்திலேயே வேலைக்கு எடுத்திருந்த ஓர் இளைஞரின் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. கழுத்தோரம் தீப்புண் பட்டது. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை இல்லை. விளக்கை வாடகைக்குத் தந்தவர்கள் மூட்டைகளை அனுப்பவில்லை என்பது காலையிலேயே எனக்குத் தெரியும். அன்றைக்குத் தயாரிப்பு நிர்வாகி நான். பாதுகாப்புக்குப் பொறுப்பும் நான். நள்ளிரவுக்குள் அந்த வாசலைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்ற கவலையில், மூட்டை இல்லாமலே விளக்கை ஏற்றச் சொன்னேன். அந்த இளைஞருக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ பாதுகாப்பும் எடுத்திருக்கவில்லை. மருத்துவச் செலவை நாங்கள் ஏற்றோம். இரண்டு மாதம் அவர் வேலைக்குப் போக முடியாமல் இருந்ததை எந்தப் பணத்தாலும் நேர்செய்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

நேரத்தைக் காப்பவரும் உயிரைக் காப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது அந்த இரவில் எனக்குப் புரிந்தது. பெரும் பொருட்செலவில் நடக்கும் படப்பிடிப்புகளிலும் இதே பிழை நடந்திருக்கிறது. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தத் துப்பாக்கி ஆபத்தற்றது என்று அறிவித்தவர், விசாரணை ஆவணங்களின்படி, உதவி இயக்குநர்; அன்றைய கால அட்டவணையை ஓட்டிச் செல்ல வேண்டியவரும் அவரே. ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்து, பின்னர் 2024 ஏப்ரலில் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்ற பெண்ணுக்கும் அந்தப் படத்தில் இரட்டை வேலை: ஆயுதங்களோடு அரங்கப் பொருள்களையும் அவர் கவனிக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்தச் சேவையை நான் அளந்து பார்த்த முதல் அளவுகோல், அவர்கள் எங்கள் கால அட்டவணைக்கு எவ்வளவு தூரம் வெளியே நிற்கிறார்கள் என்பதுதான்.

அந்த அளவில் அவர்கள் முழு மதிப்பெண் பெறுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கடைக்காரர் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: மூவரில் எவர் நிறுத்தச் சொன்னாலும் படப்பிடிப்பு அந்த நொடியில் நிற்கும், காரணத்தைப் பிறகுதான் பேச வேண்டும், அதனால் வரும் நட்டத்தை அவர்கள் கட்டணத்தில் கழிக்கக் கூடாது. எங்கள் இயக்குநருக்கு இதில் தயக்கம் இருந்தது. "தம்பி, மின்னல் தெரிஞ்சா நான் உங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன், ஜெனரேட்டர நிறுத்திடுவேன். அது சரிப்படலன்னா இப்பவே சொல்லிடுங்க," என்று கடைக்காரப் பெரியவர் அமைதியாகச் சொன்னார். வரி சேர்க்கப்பட்டது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் வந்தது. அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, மிகச் சில விலக்குகள் போக, எல்லா வேலையிடங்களும் அதற்குள் வந்துவிட்டன. அபாய மதிப்பீடு செய்வது கடமை. ஒப்பந்தத்தில் வேலைக்கு வருபவர்களின் பாதுகாப்பும் வேலை கொடுப்பவர் தலையில்தான். உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, அதைத் தெரிவித்தும் வேலை கொடுப்பவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள உரிமை உண்டு. பொதுக் கடமைகளை மீறினால் அபராதம் 5,00,000 வெள்ளி (ரிங்கிட்) வரை போகலாம். 'நாங்கள் நிறுவனம் இல்லை, பத்துப் பேர் கூடி எடுக்கிற படம்' என்று இனி எவரும் ஒதுங்க முடியாது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கவும் வேண்டும். இதையெல்லாம் அவர்கள் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்கள்.

அவர்கள் வேலை, படமெடுக்கும் இடத்தை முன்னரே போய்ப் பார்க்கும் இடப்பார்வையில் தொடங்குகிறது. எங்கள் திரைக்கதையைக் காட்சி காட்சியாக எடுத்துவைத்துக்கொண்டு, தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒவ்வோர் ஆபத்துக்கும் இரண்டு எண்கள் போட்டார்கள்: அது நேர்வதற்கான வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, நேர்ந்தால் விளையும் கேட்டுக்கு 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்கி 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அது பெரும் அபாயம். அப்படியே எடுக்கக் கூடாது. எங்கள் படத்தில் அவ்வாறு மூன்று காட்சிகள் இருந்தன.

முதலாவது ரயில் தண்டவாளக் காட்சி. கதை எழுபதுகளில் நடக்கிறது. வேலை இழந்த தந்தை தண்டவாளத்தின் மேல் நடந்து போக வேண்டும். பட்டணத்து ரயில் நிலையத்துக்கு அப்பால் ஓரிடத்தை எங்கள் குழுவில் ஒருவர் பார்த்து வைத்திருந்தார். விடியற்காலையில் ஐந்து நிமிடம் போதும் என்றார். பெரியவர் அந்தத் தாளில் எண் எதையும் எழுதாமல் காட்சியையே அடித்துவிட்டார். இப்போது அது இரட்டைப் பாதை, மேலே 25 கிலோவோல்ட் மின்கம்பி, இ.டி.எஸ். எனும் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வேகத்தில் வருகிறது, அதாவது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 39 மீட்டர். பழைய டீசல் ரயிலைப் போலத் தூரத்திலேயே அதன் சத்தம் காதில் விழும் என்று நம்பியிருக்க முடியாது. 2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ரயில் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் பாலத்தின் மேல் காட்சி எடுத்த குழுவின் மீது சரக்கு ரயில் வந்ததில், சாரா ஜோன்ஸ் என்ற இளம் ஒளிப்பதிவு உதவியாளர் இறந்தார். அந்தப் படத்தின் இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அந்தச் செய்தியின் அச்சுப் படியைப் பெரியவர் தன் கோப்பில் வைத்திருக்கிறார். எழுபதுகளின் கதையில் மின்கம்பங்கள் தெரிவதே பிழை, அவற்றைக் கணினியில் அழிக்கத்தான் போகிறோம் என்பதையும் அவர் எங்களுக்கு நினைவூட்டினார். தந்தை வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க, ரயிலின் ஒலி மட்டும் கடந்து போவதாகக் காட்சியை மாற்றினோம். திரையில் அதுவே நன்றாக இருக்கிறது.

இரண்டாவது, ரப்பர் தாள் காயவைக்கும் பழைய புகைக்கூடம். பூட்டிய கூடத்துக்குள் தேங்காய் மட்டையை எரித்துப் புகை மூட்டி, நடிகர் உள்ளே தடுமாறுவதை எடுப்பதாக இருந்தோம். வாய்ப்பு 4, கேடு 5, ஆக 20 என்று வந்தது. பல்லாண்டுப் புகைக்கரி படிந்த மரச்சட்டங்கள் எளிதில் தீப்பிடிக்கும் என்பதை நாங்களே ஊகித்திருந்தோம். மூடிய அறையில் மட்டை எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமோ நிறமோ கிடையாது, மயக்கம் வரும் வரை எவருக்கும் தெரியாது என்பதைத்தான் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்ன மாற்று எளிமையானது: நெருப்பே வேண்டாம், நீர் சார்ந்த திரவத்தில் இயங்கும் புகை இயந்திரம், நெருப்பின் துடிப்பைக் காட்ட எல்.இ.டி. விளக்கு, பின்சுவரில் இரண்டு பலகைகளைக் கழற்றி இரண்டாவது வழி, உள்ளே ஐந்து பேருக்கு மேல் கூடாது, ஒவ்வொரு டேக்கும் மூன்று நிமிடம். எண் 6க்கு இறங்கியது. ஆபத்தை முதலில் நீக்கப் பார், இயலாவிட்டால் மாற்றப் பார், அதுவும் இயலாதபோதுதான் முகமூடியையும் தீயணைப்பானையும் தேடு என்ற வரிசையை அவர்கள் விடாமல் பிடிக்கிறார்கள். முன்பெல்லாம் நாங்கள் தீயணைப்பானை வாங்கி ஓரத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்தோம்.

மூன்றாவதைப் பின்னர் சொல்கிறேன். இந்தச் சேவையின் குறை அங்கேதான் இருக்கிறது.

படப்பிடிப்பு நாள்களில் வயர்மேன் செய்த வேலை என்னை மிகவும் கவர்ந்தது. ஒவ்வொரு காலையும் ஜெனரேட்டருக்கு மண்தொடர்பு இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் சோதனைப் பொத்தானை எங்கள் லைட்மேன் எதிரிலேயே அழுத்திக் காட்டுவார். கேபிள் இணைப்புகள் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. மரக்கட்டைகளின் மேல் தூக்கிக் கட்ட வேண்டும். ஸ்டாண்டுகளின் கால்களுக்கு அடியில் பலகை, மேலே மணல் மூட்டை. மழைக்குப் பிறகு எல்லாவற்றையும் மீண்டும் ஒரு முறை அசைத்துப் பார்ப்பார். நான் முதல் நாள் அந்த மூட்டைகளை எண்ணினேன்: முப்பத்தாறு இருந்தன.

உயரத்திலிருந்து ஒரு ஷாட் எடுக்க, பழக்குலைகளைத் தூக்கி ஏற்றும் டிராக்டரின் இரும்புக் கையில் ஒளிப்பதிவாளரை நிறுத்தலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அது ஒரே சொல்லில் மறுக்கப்பட்டது. சரக்கைத் தூக்கச் செய்த இயந்திரத்தில் மனிதரை ஏற்றக் கூடாது. 2020 பிப்ரவரி 19 இரவு சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் விளக்குகளைத் தாங்கிய கிரேன் சரிந்து மூவர் இறந்ததை நம் துறையில் அறியாதவர் இல்லை. இருந்தும், தோட்டத்தில் டிராக்டர் கைக்கெட்டும் தூரத்தில் சும்மா நிற்பதைக் கண்டால் நம் மனம் அதன் பக்கம் போகிறது. செம்பனை மரத்தடியில் கேமராவையும் ஆள்களையும் நிறுத்தும் முன், தோட்டத்துக் குலைவெட்டுபவர் ஒருவரை வரவழைத்து மேலே பழுத்த குலையும் காய்ந்த மட்டையும் இருக்கின்றனவா என்று பார்க்கச் செய்தார்கள். ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் எடை இருக்கக் கூடும் என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும்தான். படப்பிடிப்பு என்று வந்ததும் அது மறந்துபோகிறது.

மருத்துவ உதவியாளரின் ஏற்பாடுகளில் முதலுதவிப் பெட்டியைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, நிறைவாக இருந்தது. அவர் செய்த வேறு இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்த மூன்றாம் டிவிஷனிலிருந்து சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கு மழைநாளில் தாமே வண்டி ஓட்டிப் பார்த்து, செம்மண் சாலையில் 23 நிமிடம் ஆகிறது என்று குறித்து வைத்திருந்தார். ஒரு வண்டி எந்நேரமும் வெளிச்சாலையை நோக்கி, வழியில் தடையின்றி நிறுத்தப்பட்டிருந்தது. பள்ளத்தில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது என்பதால், 999ஐ அழைக்கக்கூடிய மிக அருகிலுள்ள மேட்டைக் கண்டுபிடித்து அங்கே சிவப்புத் துணி கட்டினார். எலிகளைத் தேடிச் செம்பனைத் தோட்டத்துக்கு நாகம் வரும் என்பதை நினைவூட்டி, விஷம் கண்ணில் தெறித்தால் உடனே நிறைய நீரால் கழுவுவது, கடிபட்டால் கீறாமல், உறிஞ்சாமல், கயிறு இறுக்காமல், அந்த உறுப்பை அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஆகியவற்றை நாள்தோறும் காலையில் எல்லோரையும் நிற்க வைத்துத் தமிழில் சொன்னார். துணை நடிகர்களாக வந்த தோட்டத்துப் பெண்கள் இருபத்தாறு பேரும் கேட்டார்கள். அவர்களில் ஒரு பாட்டி, "இத்தன வருசத்துல எங்கள நிறுத்தி வச்சு யாரும் இதச் சொன்னதில்ல," என்றார்.

நான்காம் நாள் மாலை 3.40 மணி. அந்தப் பெண்கள் ரப்பர் மரம் சீவும் கடைசி ஷாட் மட்டும் பாக்கி. ஒளி மிக அழகாக இருந்தது. கிழக்கே தித்திவங்சா மலைப் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. பெரியவர் கையைத் தூக்கி எண்ணத் தொடங்கினார். இருபத்திரண்டு வரை எண்ணியபோது இடி கேட்டது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே மின்னல் ஏழரைக் கிலோமீட்டர் தொலைவில். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் வேலையை நிறுத்து, கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் காத்திரு என்பது அவர்களது விதி. எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருந்தது. ஜெனரேட்டர் நின்றது, கேமராவை உயரத்தில் தாங்கும் ஜிம்மி ஜிப் இறக்கப்பட்டது, எல்லோரும் வேன்களுக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார்கள். சுவரில்லாத தகரக் கொட்டகையின் கீழ் ஒதுங்க முயன்றவர்களை அவர் அழைத்துவந்து வண்டியில் ஏற்றினார். இடி ஒவ்வொரு முறை கேட்டதும் முப்பது நிமிடம் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு மணி ஐம்பது நிமிடம் போயிற்று, ஒளியும் போயிற்று. மறுநாள் அந்த ஷாட்டுக்காகப் பெண்களுக்கு இன்னொரு நாள் சம்பளம் கொடுத்தோம். அந்த மரங்களில் மின்னல் விழவில்லை; ஆகையால் நிறுத்தியது வீண் என்று எங்கள் குழுவில் இருவர் இன்னும் சொல்கிறார்கள். வேனுக்குள் அமர்ந்திருந்தபோது நானும் மணியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். முடிவு என் கையில் இருந்திருந்தால், இன்னும் ஒரே ஒரு டேக் என்று சொல்லியிருப்பேன். அந்த முடிவு என் கையில் இல்லாமல் இருப்பதற்காகத்தான் பணம் கொடுத்தேன்.

இனிக் குறைகள். மூன்றாவது பெரும் அபாயக் காட்சி, ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நீர்க்குட்டையில், அதாவது ஈயக்குட்டையில், சிறுவன் விழுவது. ஈயக்குட்டைகளின் கரை திடீரென்று செங்குத்தாக இறங்கும், அடியில் சேறு. 2016 நவம்பரில் பெங்களூருக்கு அருகே ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த இரண்டு நடிகர்கள், உயிர்காப்பு உடை இல்லாமல், மூழ்கி இறந்தார்கள். எனவே தண்ணீரில் இறங்கும் காட்சிக்குப் பயிற்சி பெற்ற மீட்பாளர்கள் வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தங்களிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்பதை அவர்கள் இரண்டாவது இடப்பார்வையில்தான், படப்பிடிப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது சொன்னார்கள். திரைக்கதை இரண்டு வாரத்துக்கும் மேலாக அவர்கள் கையில் இருந்தது. வேறு இடத்திலிருந்து மீட்பாளர்களை அமர்த்த நேரமில்லாமல் அந்தக் காட்சியைக் கைவிட்டோம். நேர்மையாகச் சொன்னதைப் பாராட்டுகிறேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அபாய மதிப்பீட்டுத் தாள்கள் முழுவதும் மலாய் மொழியில் இருக்கின்றன. எங்கள் இளைஞர்களுக்கு அது தடையில்லை. வயதான துணை நடிகர்கள் படிக்க முடியாத தாளில் கையெழுத்திட்டார்கள். வாயால் விளக்கியது உண்மை. ஆனாலும் ஒரு பக்கச் சுருக்கத்தையாவது தமிழில் அச்சிட்டுத் தருவது பெரிய வேலை அல்ல. இதை அவர்களிடமே கூறினேன். போலித் துப்பாக்கியோ வெடியோ வரும் காட்சிகளுக்கும் அவர்கள் பொறுப்பேற்பதில்லை. போலி ஆயுதத்துக்கும் காவல்துறை அனுமதி தேவைப்படும் நம் நாட்டில், அதற்கென்று தேர்ந்தவர்களைத் தலைநகரிலிருந்துதான் அழைக்க வேண்டும்.

ஓய்வு நேரத்தைப் பற்றிய அவர்களது விதி சிலருக்குக் கடுமையாகத் தோன்றும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்த எவரும் அன்றிரவு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக் கோலாலம்பூருக்குத் திரும்பக் கூடாது. ஊரிலேயே தங்க வேண்டும். இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தை நான் அரைத் தூக்கத்தில் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். 1997இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒளிப்பதிவு உதவியாளர் ஒருவர் 19 மணி நேர வேலைக்குப் பிறகு வீடு திரும்பும் வழியில் உறங்கிப்போய் விபத்தில் இறந்ததை அறிந்த பிறகு, இரண்டு இரவுகளுக்கு விடுதி வாடகை கொடுப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கட்டணம்: மூவருக்கும் கருவிகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 780 வெள்ளி, இடப்பார்வை ஒன்றுக்கு 250 வெள்ளி. ஆறு நாளும் இரண்டு இடப்பார்வையும் சேர்ந்து 5,180 வெள்ளி ஆயிற்று. எங்கள் மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மணல் மூட்டை, தலைக்கவசம், பலகை ஆகியவற்றுக்குத் தனி வாடகை இல்லை. குழுவில் உள்ள அனைவரின் சொக்சோ பதிவுச் சான்றையும், தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ள சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். சான்று வராதவர் படப்பிடிப்பு இடத்துக்குள் வர முடியாது. எங்கள் ஒப்பனைக் கலைஞர் முதல் நாள் காலை வாசலில் நின்றபடியே கைப்பேசியில் பதிவு செய்து, பணம் கட்டிய ரசீதைக் காட்டிய பிறகுதான் உள்ளே வந்தார்.

தோட்டத்தில், பள்ளிக்கூடத்தில், லயத்து வீடுகளில் எடுக்கும் குடும்பக் கதைகளுக்கு இவர்களைத் தயங்காமல் அமர்த்தலாம். நீர், வெடி, கயிற்றில் தொங்கும் சண்டைக் காட்சி ஆகியவை இருந்தால் வேறு ஆள்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை இடப்பார்வைக்கு முன்பே நீங்களாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். படப்பிடிப்புக்கு மூன்று வாரம் முன்னதாகத் திரைக்கதையைக் கொடுத்தால்தான் நாள் தருகிறார்கள். மழை மிகும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலைக் காட்சிகளுக்கு ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோமா என்று கேட்கிறார்கள், ஒதுக்காவிட்டால் வரமாட்டார்கள். எங்கள் அடுத்த படத்தின் அட்டவணையில் அந்த நாளைச் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.